சிம் அட்டைக்கு இடம் இருக்கட்டும்

சென்ற ஆண்டு, கல்லூரி விடுதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்று பார்த்துதான் என் கைப்பேசி மழையில் நனைந்து செயலிழந்தது. பதிவை முடிக்கத் தேவையான குறியீடோ என் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகத்தான் வரும். அம்மா சேலை ஊக்கின் முனையால் சிம் தட்டைத் திறந்தார். அட்டை, திரை விரிசல் விட்ட அண்ணனின் பழைய கைப்பேசிக்கு மாறியது. இரண்டே நிமிடம், குறியீடு வந்துவிட்டது.

அதனால், இ-சிம் மட்டுமே உள்ள கைப்பேசிகள் என்றால் எனக்குத் தயக்கம். அமெரிக்காவில் 2022-இல் ஐபோன் 14 சிம் தட்டு இல்லாமலே வந்தது. 2025-இல் ஐபோன் ஏர் உலகெங்கும் அப்படித்தான். இ-சிம் கைப்பேசிக்குள்ளேயே பதிந்த சில்லு. கைப்பேசி செயலிழந்தால் கழற்றி மாட்ட எதுவும் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் அடையாளத்தை உறுதிசெய்து புதிதாகப் பெற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? செயலிவழி பெறலாம் என்பார்கள். அந்தச் செயலியும் அதே எண்ணுக்குக் குறியீடு அனுப்பினால்?

“திருடனும் அட்டையைக் கழற்றுவானே?” என்றாள் தோழி. நியாயம்தான். ஆனால், சிம் அட்டைக்கும் பின் எண் பூட்டு உண்டு. (நானே அண்மையில்தான் போட்டேன்.)

வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம் வசதியே. இரண்டும் உள்ள கைப்பேசிகள் இன்னும் கிடைக்கின்றன. அடுத்தது வாங்கும்போது, கேமராவுக்கு முன் அந்தச் சிறு துளையைத்தான் தேடுவேன்.