நுரையும் வாயுவும்: ஒரு மயக்கத்துக்கு மறுப்பு

வீட்டிற் பியர் தயாரிப்போரிடையே ஒரு கூற்று வேதவாக்காக நிலவுகின்றது: நுரை குறைவாயின் போத்தலிற் சீனியைக் கூட்டுக! இக்கூற்றுப் பிழையானது மட்டுமன்று; ஆபத்தானதுமாகும்.

வாயு வேறு, நுரை வேறு. மூடிய போத்தலில் எஞ்சிநிற்கும் மதுவம் சீனியை நொதிக்கச்செய்து காபனீரொட்சைட்டைத் தோற்றுவிக்கின்றது. அது அமுக்கத்தின்கீழ்ப் பியரிற் கரைகின்றது. மூடி திறந்ததும் குமிழிகளாய் எழுகின்றது. ஆயின், எழுந்த குமிழியை நிலைக்கச் செய்வது அவ்வாயுவன்று. பார்லியின் புரதங்களும் ஹொப் பூவின் கசப்புப் பொருள்களுமே குமிழிச் சுவரைத் தாங்குகின்றன. குவளையிற் படிந்த கொழுப்பு அச்சுவரைச் சிதைத்துவிடும்.

சான்று வேண்டுமா? சோடாவில் வாயு மிகுதி. நுரையோ கணத்தில் மறைகின்றது. 1959இல் கின்னஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய நைதரசன் கலந்த பியரிற் காபனீரொட்சைட்டுக் குறைவு. நுரையோ நெடுநேரம் நிற்கின்றது.

'வாயுவின்றி நுரை எழுமா?' என வினவுவர். எழாதுதான். விதையின்றிப் பயிருமில்லை, அதற்காக விதைநெல்லை இரட்டித்தால் விளைச்சல் இரட்டிக்குமா?

இலீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம் சீனி சுமார் 3 கிராம் வாயுவைத் தரும். நொதித்தல் முற்றிய சாதாரண பியருக்கு அது போதும். அதனை இரட்டிப்போரும், நொதித்தல் முற்றுமுன் போத்தலில் அடைப்போரும் நிலைத்த நுரையைப் பெறார்; பீறிடும் பியரையோ வெடித்துச் சிதறும் கண்ணாடியையோ பெறுவர்.

குறை கண்டவிடத்துக் காரணத்தை ஆராயாது அளவைக் கூட்டுவது அறிவியலன்று. நுரை வேண்டுவோர் முளைத்த பார்லியின் தரத்தையும் குவளையின் தூய்மையையும் நோக்குக. சீனிக் கரண்டியைக் கீழே வைக்க!