ஞாயிற்றுக்கிழமை

ஆறு நாள் உழைத்தவர் ஏழாம் நாள் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும், அவ்வேழாம் நாளை நாம் படுத்தும் பாடு பெரிது. காலையில் தனிப்பயிற்சி வகுப்பு, நண்பகலில் கடைத்தெரு, மாலையில் மற்றொரு வகுப்பு, இடையிடையே கைப்பேசி என்று அந்நாளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகின்றோம். திங்கட்கிழமை காலையில் களைப்போடு எழுந்து, ‘நேற்று விடுமுறை’ என்றும் சொல்லிக்கொள்கின்றோம். அதனை விடுமுறை என்பதினும் வேறொரு வகை வேலை என்பதே பொருந்தும்.

மாணவர்களே! இந்நாள் நமக்குத் தானாக வந்து வாய்த்ததன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்தவர்கள் வார விடுமுறை இன்றி வருந்திய காலம் ஒன்று இருந்தது. நாராயண் மேகாஜி லோகாண்டே என்னும் தொழிலாளர் தலைவர் அவர்களுக்காகப் பல ஆண்டு வாதாடினார். 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழப் பதினாயிரம் தொழிலாளர் ஒருங்கு கூடினர். பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு சூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டு, அஃதாவது 1891-இல், இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை ஏற்றது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நாளைப் பயிற்சி வகுப்புகளுக்குத் தாரை வார்த்துக் கொடுப்பது முறையாகுமா?

‘பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுத்தால் சோம்பேறிகள் ஆவார்களே’ என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். சோம்பல் வேறு, ஓய்வு வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாதிருத்தல் சோம்பல். செய்து முடித்தவன் இளைப்பாறுதல் ஓய்வு. உழவர் நிலத்தைத் தரிசாகப் போடுவது அதன்மேல் வெறுப்புக் கொண்டன்று; அடுத்த விளைவை எண்ணியே.

செங்கற்பட்டில் வாழ்வோர் இவ்வகையில் பேறுடையவர் என்பேன். 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராகிய பிறகும், அஃது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே செல்லத்தக்க ஊராகத்தான் இருக்கின்றது. புகைவண்டியில் வருவோர் சன்னல் வழியே கண்டு மகிழும் கொளவாய் ஏரியை ஊரார் எத்தனை பேர் கரையில் நின்று காண்கின்றனர்? சற்றுத் தொலைவு செல்ல விரும்பினால், திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் மாமல்லபுரம் இருக்கின்றது. பேருந்தில் ஏறி அமர்ந்தால் கடற்காற்று முகத்தில் படும் இடத்தில் இறங்கலாம்.

ஆனால், அங்குச் சென்றும் ஓடுகின்றவர்களே மிகுதி. ஐந்து இரதங்களைக் கண்டு, கடற்கரைக் கோயிலைக் கண்டு, வெண்ணெய் உருண்டை எனப்படும் பாறையைத் தாங்குவதுபோல் நின்று படம் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் ஊர் திரும்புவர். இவ்விடங்களை உலக மரபுச் சின்னமாக 1984-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் ஏற்றது இவ்வோட்டத்திற்காகவா?

ஒன்றே போதும். அருச்சுனன் தவம் என வழங்கும் பாறைச் சிற்பத்தின் எதிரே ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். நீண்டு உயர்ந்த பாறை அது. முதலில் கண்ணுக்குப் படுவன பெரிய யானைகள். அவற்றின் காலடியில் குட்டிகள் இருப்பது சிறிது பொறுத்தே தெரியும். ஒற்றைக் காலில் நின்று தவம் புரிகின்றார் ஒருவர். அவர் அருச்சுனரா, பகீரதரா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். (அவ்வழக்கு முடியாதிருப்பதே நன்று, நாமும் பார்த்து ஒரு கட்சியில் சேரலாம்.) அவரைப்போலவே முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்வதாகப் பூனை ஒன்று நிற்கின்றது. அதனை நம்பி எலிகள் அருகே உலவுகின்றன. பல்லவர் காலத்துச் சிற்பி தவக்கோலத்தையும் பொய்த்தவத்தையும் ஒரே பாறையில் செதுக்கினான். விரைந்து செல்பவர் பூனையைக் காண்பதே இல்லை. பக்கத்திலுள்ள கண்ணன் மண்டபத்தில் ஒருவன் பால் கறக்கின்றான். பசுவோ கன்றை நக்கிக் கொடுக்கின்றது. அதன் முன் நின்றால் காலம் போவதே தெரியாது. பல்லவர் வரலாற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

கடலையும் காணுங்கள், ஆயின் மதிப்போடு காணுங்கள். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். அவ்வலை மணலை அரித்ததனால் வெளிப்பட்ட கல்வெட்டுகள் வழி காட்ட, சாளுவன்குப்பத்தில் மணலுள் புதைந்திருந்த பழைய முருகன் கோயில் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதையும் நின்று பார்த்து வரலாம்.

இறுதியாக ஒன்று. நம் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அனைவர்க்கும் ஒப்ப வழங்கப்படுவதில்லை. தந்தையார் செய்தித்தாள் படிப்பார். பிள்ளைகள் காலந்தாழ்ந்து எழுவர். அன்னையார்க்கோ அன்றுதான் சமையல் இரு மடங்கு. ஆலைத் தொழிலாளிக்கு வழக்காடிப் பெற்ற ஓய்வு அடுப்பங்கரைக்குள் இன்னும் நுழையவில்லை. ஆதலால், மாமல்லபுரம் செல்வதாயின் புளிச்சோற்றை முன்னிரவே எல்லாரும் கூடிக் கட்டுங்கள். திரும்பி வந்தபின் பாத்திரம் துலக்கும் பணியைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளட்டும், ஆண்பிள்ளைகளும்தான்.