உழைப்பை விலைபேசிய விளையாட்டு

நெடுநாள் நின்ற மாளிகையொன்று தளர்ந்து விழக் காண்போர், மழையும் காற்றும் காலமுமே அதற்குக் காரணமென்று எளிதிற் கூறிவிடுவர். உள்ளே புகுந்து நோக்குவார்க்கோ, வீட்டுக்குடையவரே தூண்களைப் பெயர்த்து விற்றுவந்தமை சிலபோது புலப்படும். மக்கள் விரும்பிப் போற்றும் கற்பனைப் படைப்புக்கள் நலங்குன்றுதற்கு முதுமையினும் இத்தகைய விற்பனையே பெருங்காரணம் என்பது எமது துணிபு. இதனை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்தில் தோன்றிய ரூன்ஸ்கேப் என்னும் இணைய விளையாட்டை எடுத்துக்கொள்கின்றோம். கல்லூரிச் சஞ்சிகைக்கு இஃது ஏற்ற பொருளோவென்று ஐயுறுவாரும் இருக்கலாம். நம் மாணவருட் பலர் மாலைப்பொழுதை இத்தகைய உலகங்களிற் கழிக்கின்றனராதலின், அவற்றின் வாழ்வும் தாழ்வும் ஆராயத்தக்கனவே.

பல்லாயிரவர் கணினிவழியாக ஒரே காலத்தில் ஒரு கற்பனை நாட்டினுட் புகுந்து, தாம் மேற்கொண்ட வேடத்துக்கேற்பத் தொழில் பயின்றும், பகையொடு பொருதும், பண்டம் மாற்றியும் வாழ்வது இவ்விளையாட்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்ற ஆண்ட்ரூ கௌவர் என்பார் தம் சகோதரரின் துணைகொண்டு இதனை ஆக்கி, 2001-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளியிட்டார். பின்னர் ஜாகெக்ஸ் என்னும் நிறுவனம் எழுந்து இதனை நடத்திவரலாயிற்று. படங்கள் மிக எளியனவாயினும், கதைகளில் நகைச்சுவையும் மனிதத் தன்மையும் மிக்கிருந்தன. புதிதாகப் புகுவோன் தொடக்கத்திலேயே ஒரு சமையற்காரனைக் காண்பான். தன் பிரபுவின் பிறந்தநாட் பணியாரத்துக்கு முட்டையும் பாலும் மாவும் இன்றி அவன் கலங்கி நிற்பான். ஆடுவோன் வயலிற் கோதுமை கொய்து, ஆலையில் அரைத்து, பசுவைக் கறந்து, முட்டை தேடிக் கொணர்ந்து கொடுத்தல் வேண்டும். மற்றொரு கதையில் ஒருவர்க்குச் சிற்றுதவி செய்யப் புறப்பட்டால், அதற்கு வேண்டிய பொருளுடையார் வேறோர் உதவி கேட்பார். அவ்வாறே உதவிக்குள் உதவியாக வளர்ந்து நாடெங்கும் அலைய நேரிடும்.

இவ்வுலகில் மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், கொல்லுத்தொழில் முதலியவற்றுக்கு 99 படிகள் அமைந்திருந்தன. 99-ஆம் படிக்கு வேண்டிய அனுபவப் புள்ளிகள் 1,30,34,431. 92-ஆம் படியை எய்தினவனோ இக்கணக்கில் ஏறக்குறையப் பாதிவழியே வந்தவனாவான். ஆதலின் உச்சிப்படியிலுள்ளானைக் கண்டால் ஏனையோர் மதித்தனர். அம்மதிப்பு அவன் பொறுமைக்கு உரியது, பணப்பைக்கு உரியதன்று.

நிற்க. திருடிய கடன் அட்டைகளாற் சந்தா செலுத்தியும், தாமே இயங்கும் நிரல்களை ஏவிப் பொன் திரட்டியும், அதனை வெளியே காசுக்கு விற்ற கூட்டத்தார் நாளடைவிற் பெருகினர். அவர்களை ஒழிக்கும்பொருட்டு நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அதனையடுத்தும், ஆடுவோர் தம்முட் பொருது பொருள் கவரும் உரிமையையும், தடையற்ற பண்டமாற்றையும் நீக்கினர். அதனாற் பலர் வெகுண்டு விலகினர். இவ்வுரிமைகள் 2011-இல் ஆடுவோரின் வாக்கெடுப்புக்குப் பின்னரே மீண்டன. மருந்து கடியதாயினும் நோக்கம் நேரியது என்று யாம் கூறுவோம். உழைப்பாற் பெறற்பாலதைக் காசுகொடுத்துப் பெறலாகாது என்பதே அந்நோக்கம்.

ஆயின், ஐந்தாண்டுகள் கழிவதற்குள் நிகழ்ந்தது யாது? 2012-இல் அதே நிறுவனம் ஓர் அதிருஷ்டச் சக்கரத்தை நிறுவி, அதனைச் சுழற்றும் உரிமையைக் காசுக்கு விற்றது. சுழற்றினோர் பெற்ற பரிசுகளுள் அனுபவப் புள்ளிகளும் இருந்தன. கோதுமை கொய்யாமலும் மரம் வெட்டாமலும் படியேறும் வழி திறந்தது. 2013-இல் விளையாட்டுப் பொன்னாக மாற்றத்தக்க பத்திரங்களும் விற்பனைக்கு வந்தன. 2014-இல் சக்கரத்தின் இடத்தைத் திறவுகோல்களால் திறக்கும் புதையற்பெட்டிகள் பெற்றன. முன்னர் எவரைத் துரத்தினரோ, அவர் வாணிகத்தையே தாம் மேற்கொண்டனர். சேஷ்டபுத்திரபாகத்தை ஒருவேளைக் கூழுக்கு விற்ற ஏசாவின் செய்கை ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

இதன் தீமை நாணயக்கேட்டளவில் நிற்பதன்று, கற்பனையையே அரிப்பது. கரும்பு தின்னக் கூலியா என்பது நம்மவர் பழமொழி. கரும்பைத் தின்னாமற் கடந்துபோவதற்குக் காசு கொடுக்க ஆள் உண்டெனின், கரும்பு கசக்கத் தொடங்கிற்று என்பதன்றோ பொருள்? திங்கட்சந்தாவால் வாழ்வோன், அடுத்த திங்களும் ஆடுவோர் மகிழ்ந்திருக்கப் புதிய கதை புனைவான். சலிப்பைக் கடக்கும் வழியை விற்று வாழ்வோனுக்கோ ஆடுவோரின் சலிப்பே ஆதாயம். பணமின்றி விளையாட்டை நடத்தலாகுமோவென்று வினவுவார்க்கு எமது விடை இதுவே: 2002-இலேயே ஏற்பட்ட சந்தா நேர்மையான கூலி, சக்கரம் சூது. சூதின் விளைவும் சிறிதன்று. பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒருவருடைய வளர்ந்த மகன் இவ்விளையாட்டிற் செலவிட்டு 50,000 பவுனுக்கு மேற்பட்ட கடனில் வீழ்ந்ததாகக் கூறப்பட்ட செய்தி இடம்பெற்றுளது.

2012 நவம்பரில் போர்முறையும் முற்றும் மாற்றப்பட்டது. பிற விளையாட்டுக்களின் நடையைத் தழுவிய அம்முறையைப் பழைய அன்பர் பலர் ஏற்றிலர். விளையாட்டு தன் முகத்தையே மறந்ததென்று அவர் வருந்தினர். நிறுவனத்தார் 2007 ஆகஸ்டு மாதத்துப் பிரதியொன்று தம்மிடம் இருத்தலைக் கூறி, அதனை மீட்கலாமோவென்று வாக்குக் கேட்க, ஏறத்தாழ நாலரை இலட்சம் வாக்குகள் வந்தன. 2013 பிப்ரவரி 22-இல் பழைய உலகம் தனியாகத் திறக்கப்பட்டது.

நலங்குன்றியது விளையாட்டன்று, வயதேறிய நம் கண்களே என்பார் கூற்றுக்கு இதுவே மறுப்பு. இளமை நினைவு ஒன்றே காரணமாயின், அவ்வுலகம் சில திங்களிற் சலித்துப்போயிருக்கும். மாறாக, அது பத்தாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து, ஆடுவோர் தொகையிற் புதியதனை விஞ்சிநிற்கின்றது. அங்கும் பத்திரங்கள் 2015 முதல் விற்கப்படுகின்றன. அதனை யாம் மறைக்கவில்லை. எனினும் சக்கரமும் பெட்டியும் அங்கே புகவில்லை. புதியன சேர்ப்பதற்கு 100-க்கு 75 வாக்கு வேண்டுமென்று முதலில் விதித்தனர். பின்னர் அது 70 ஆயிற்று. வாக்கு தானே ஒன்றையும் படைப்பதில்லை. 2019-இல் வார்டிங் என்னும் புதுத்தொழிலை அது தடுத்ததும் உண்டு. ஆயினும் அவ்வாக்கைக் கடந்தே கப்பலோட்டுதல் 2025 நவம்பரில் அவ்வுலகின் 24-ஆம் தொழிலாயிற்று. பழமையைக் காத்தவிடத்திலேயே புதுமையும் தளிர்த்தது. அதே திங்களில், மூல விளையாட்டின் புதையற்பெட்டியை நீக்குதற்கு ஓரிலட்சம் வாக்கு வேண்டுமென்று நிறுவனம் கேட்க, அத்தொகை விரைவில் நிரம்பியது. பெட்டியை அகற்றுவதாக நிறுவனமும் அறிவித்தது. தவற்றை உணர்தற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

மாணவ நண்பர்களே! படிகளை விலைக்கு விற்பார் விளையாட்டுலகில் மட்டும் இலர். ஆயத்தமான கட்டுரையும், பரீட்சைக் குறிப்பும், பயிலாமற் பெறும் பட்டமும் விற்பார் நம் வாயிலிலும் நிற்கின்றனர். 99-ஆம் படியை விலைக்கு வாங்கியவன் சமையற்காரனையும் ஆலையையும் கண்டறியான். நூலைப் படியாமற் பட்டம் வாங்கியவனும் அத்தகையனே. நம் கல்லூரியும் நெடுநாள் நின்ற மாளிகையே. அதன் தூண்களை விலைபேச வருவார்க்கு இடங்கொடாமற் காத்தல் ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகிய நம் அனைவர்க்கும் கடனாகும்.