மாஞ்சோலைப் படங்களும் மெகாபைட் கணக்கும்

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு வாங்கிய காடு இது. குத்தகை 2028ல் முடிகிறது. 2024லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். விஷயம் ஐகோர்ட் வரை போனது. வழக்கின் நியாயம் தனியாக எழுத வேண்டிய ஒன்று.

இங்கே கேள்வி சின்னது. கம்பெனி வீட்டில் தலைமுறைகளாக இருந்தவர்களிடம் அந்த மண்ணுக்குப் பட்டா கிடையாது. கல்யாண போட்டோ, கொழுந்துக் கூடையோடு நிற்கும் போட்டோ, பள்ளிக்கூட குரூப் போட்டோ, இவைதான் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மழைப் பட்டியலில் ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி முதலில் வரும். அந்த ஈரத்தில் தப்பிய படங்களை எல்லோருமாகச் சேர்த்து ஒரு பொது ஆல்பமாக வைத்தால் எவ்வளவு செலவாகும்?

"கூகுளில் போட்டால் போச்சு" என்பார்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவசத்தை நிறுத்தி 15 ஜிபி என்று ஆக்கிவிட்டது. ஃப்ளிக்கர் 2019ல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்றது. போட்டோபக்கெட் 2017ல், வேறு தளங்களில் படத்தைக் காட்ட வருடம் 400 டாலர் கேட்டது. உலகமெங்கும் பழைய பதிவுகளில் படம் இருந்த இடம் ஓட்டையாயிற்று. இலவசம் என்பது வேறொருவர் கொடுக்கும் வாடகை. அவர் எப்போது நிறுத்துவார் என்பது நம் கையில் இல்லை.

செலவு ஏறியதும் பலருக்கும் தோன்றுவது "பழசை அழித்துவிடலாம்" என்பதுதான். இது தப்பு. குறைக்க வேண்டியது படங்களின் எண்ணிக்கையை அல்ல, எடையை. இன்றைய போனில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 3 எம்பி. நீளப்பக்கத்தை 1600 பிக்சலாகச் சுருக்கி ஜேபெக்கில் தரம் 80 என்று சேமித்தால் 300 கேபி பக்கம் வரும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 15 ஜிபியில் 5,000 படம் அடங்கிய இடத்தில் 50,000 அடங்கும். வெப்பி வடிவத்தில் வைத்தால் இன்னும் கால் பங்கு மிச்சம். ஒரே கோப்பு நாலு பேரிடமிருந்து வந்தால் அதைக் கண்டுபிடித்து ஒன்றை மட்டும் வைக்கவும் இலவச மென்பொருள்கள் உண்டு.

பலரும் கவனிக்காதது ஒன்று. வைத்திருப்பதை விட அனுப்புவதற்குத்தான் காசு அதிகம். அமேசானில் ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க இரண்டு சென்ட் சொச்சம். இலவச அளவைத் தாண்டிவிட்டால், அதை ஒரே ஒரு தடவை வெளியே அனுப்ப ஒன்பது சென்ட். முகப்பில் இருபது படங்களை அப்படியே போட்டால் வருகிற ஒவ்வொருவருக்கும் 60 எம்பி போகிறது. 20 கேபி சிறுபடங்களாகப் போட்டால் அரை எம்பி கூட ஆகாது. சிக்னல் தேடி அலைகிற மலைக்காரருக்கும் அதுதான் சௌகரியம்.

ஆனால் ஸ்கேன் செய்த பழைய காகிதப் படத்தின் ஒரே பிரதியைச் சுருக்கக் கூடாது. சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது. மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வேறு வீடுகளில் வைக்க வேண்டும். இணையத்தில் சுருக்கியது போதும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் படம் சுருங்கி, எடுத்த தேதியும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் பிழைக்கும்.

மலை, ஓடை, தேயிலைச் சரிவுப் படங்களை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம்; செலவே இல்லை. ஆனால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடுதான் ஏற்ற முடியும். வீட்டு விசேஷப் படங்களை அங்கே தள்ளுவது சரியல்ல.

இத்தனை சிக்கனத்திலும் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படத்தில் யார், எந்த எஸ்டேட், எந்த வருடம் என்று கீழே எழுதும் குறிப்பு. தமிழில் நூறு எழுத்து எழுதினால் சில நூறு பைட்தான். சுருக்கிய படத்தில் மிகச் சிறிய பங்கு. அதை எழுதத் தெரிந்த பெரியவர்கள் இப்போது விக்கிரமசிங்கபுரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆளுக்கொரு தெருவில் இருந்தால், ஆல்பத்தை எடுத்துக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.