வீட்டுக் கருவிகள்: உம்மாவின் காதுக்கு ஒரு வால்வ் பெட்டி



இம்முறை என் மேசைக்கு வந்த கடிதங்களில் ஒன்று நீளமானது. அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய தம்பி, உம்மாவுக்கென்று சிறியதொரு ஹெட்போன் எம்ப்ளிஃபயர் அனுப்பியிருக்கிறார். கண்ணாடி வால்வ் வைத்த பெட்டி. சுபஹுக்கு முன் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உம்மா கிராஅத் கேட்கட்டும் என்பது தம்பியின் எண்ணம். "வந்த நாளிலிருந்து ஒரே இரைச்சல். உம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், ஆனாலும் தெளிவில்லை என்கிறார். கடைக்காரர் வால்வை மாற்றச் சொல்கிறார், அதன் விலையோ பெட்டியின் விலையில் பாதி. வாங்கலாமா?" என்று கேட்கிறார் சகோதரி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். இதே போன்ற பெட்டி இன்று பல வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகவே எல்லோருக்கும் பயன்படும்படியாகவே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

நம் வாப்பாமார் காலத்து றேடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே வால்வ்கள் சூடாகி, மெல்ல மெல்லச் சத்தம் வரும். அந்த வால்வ்தான் இதிலும் இருக்கிறது. 1947 இல் அமெரிக்காவில் ட்ரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வால்வ்கள் படிப்படியாக வீட்டை விட்டுப் போயின. ஆனாலும் வால்வின் ஓசையில் ஓர் இதம் உண்டென்று விரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வால்வ் மூலத்தில் இல்லாத சில துணைச் சுரங்களைச் சிறிதளவு சேர்க்கிறது. அதுதான் காதுக்கு இதமாகப் படுகிறது. அதாவது, வால்வ் ஒலிக்கு நிறம் சேர்க்கும். தெளிவு சேர்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மலிவான பெட்டிகளில் பெரும்பாலானவை கலப்பு வகை. முன்னால் ஒன்றோ இரண்டோ வால்வ், பின்னால் ஹெட்போனை இயக்கும் வேலைக்கு ட்ரான்சிஸ்டர். பழைய றேடியோவில் வால்வுக்கு 100 வொல்ட்டுக்கும் மேலே கொடுத்தார்கள். இந்தச் சிறு பெட்டிகள் பலவற்றில் வருவது 24 வொல்ட் அல்லது அதற்கும் குறைவு. வால்வின் அடியில் அழகாக எரியும் செம்மஞ்சள் வெளிச்சமும் பல பெட்டிகளில் வால்வுடையதல்ல. கீழே ஒளித்து வைத்த சின்ன எல்.ஈ.டி. விளக்குத்தான். இதைச் சொல்வது பெட்டியைக் குறை கூற அல்ல. ஒழுங்காகப் பாவித்தால் இதிலும் நல்ல ஓசை எடுக்கலாம். கீழே சொல்வதைக் காசு செலவில்லாததிலிருந்து வரிசையாகச் செய்து பாருங்கள்.

1. இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

முதலில் சத்தக் குமிழை முழுவதும் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால், அது பெட்டியிலோ அடப்டரிலோ, அல்லது ஹெட்போன் பொருந்தாததாலோ வருவது. குமிழைத் திருப்பத் திருப்ப இரைச்சலும் கூடினால், அது போனிலிருந்தோ இடையிலுள்ள வயரிலிருந்தோ வருவது. அடுத்து, போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால் குற்றவாளி சார்ஜர்தான். போனுக்கு முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவிட்டு, கேட்கும்போது கழற்றி வையுங்கள். பல வீடுகளில் பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிடும்.

வைஃபை ரௌட்டருக்குப் பக்கத்திலும், இன்னொரு போனுக்குப் பக்கத்திலும் பெட்டியை வைக்காதீர்கள். அழைப்பு வருமுன் கேட்கும் 'டிக் டிக்' ஒலி அங்கிருந்துதான் நுழைகிறது.

2. போனின் சத்தம், பெட்டியின் சத்தம்

போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு பெட்டியில் கூட்டுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் ஓதலோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். போனில் முக்கால் பங்குக்கு மேலே வையுங்கள். பெட்டியில் தேவையான அளவுக்கு மட்டும் திருப்புங்கள். கூட்டும்போது ஓசை கிழிந்தால் போனில் சற்றுக் குறையுங்கள். போனில் 'ஈக்குவலைசர்' ஏதேனும் போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

3. ஒலிப்பதிவைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த ஒலிக்கோப்பு பல தடவை சுருக்கப்பட்டதாக இருக்கலாம். சுருக்கும்போது எறியப்பட்ட ஓசையை எந்த எம்ப்ளிஃபயராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதே காரியின் நல்ல பதிவைத் தேடி எடுங்கள். எம்.பி.3 ஆனால் 128 கிலோபிட் அளவாவது இருக்கட்டும். பழைய பதிவுகளுக்கு அவற்றுக்கே உரிய எல்லை உண்டு. ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் முழுக் குர்ஆனையும் ஒலிப்பதிவு செய்தது 1961 ஆம் ஆண்டளவில். அக்கால நாடாவின் மெல்லிய சீறல் பதிவிலேயே இருக்கும். அது உங்கள் பெட்டியின் பிழையல்ல.

4. ஹெட்போன் பொருந்துகிறதா?

ஹெட்போனின் பெட்டியில் 'ஓம்' என்றொரு கணக்கு எழுதியிருக்கும். போனோடு வரும் காதுச்சொருகிகள் 16 அல்லது 32 ஓம். இவை மிகச் சிறிய மின்சாரத்துக்கும் பேசிவிடும். அதனால் பெட்டியின் சின்ன உறுமலையும் பெரிதாக்கிக் காட்டும். வால்வ் பெட்டிகள் பலவற்றுக்கு ஓம் கூடியவையே நன்றாக ஒத்துப்போகும். 1997 இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற விலையுயர்ந்தவை 300 ஓம். அவ்வளவு விலையில் நமக்குத் தேவையில்லை. வீட்டில் வேறு ஹெட்போன் கிடந்தால், முக்கியமாகக் காதை முழுவதும் மூடும் வகை இருந்தால், மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

இன்னொன்று. முக்காட்டுக்கு மேலே ஹெட்போனை மாட்டினால் துணிக்கும் காதுக்கும் இடையில் ஓசை கசிந்துவிடும். வீட்டில் கேட்கும்போது முக்காட்டுக்கு உள்ளே மாட்டச் சொல்லுங்கள்.

5. தொடுப்புகளைச் சுத்தம் செய்தல்

நம் நாட்டுக் கடற்காற்றும் ஈரமும் உலோகத்தைச் சும்மா விடா. பெட்டியை நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிவிட்டு, சத்தக் குமிழை இந்த அந்தம் முதல் அந்த அந்தம் வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். 'கர கர' சத்தம் குறையும். ஹெட்போன் முள்ளையும் வயர் முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வால்வ் வெளியே தெரியும் பெட்டியானால், பத்து நிமிடம் ஆற விட்டு, வால்வை நேராக மேலே இழுத்துக் கழற்றி, மீண்டும் அதே இடத்தில் செருகுங்கள். ஊசிகளுக்கிடையே ஓரிடத்தில் இடைவெளி கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துப் பொருத்த வேண்டும். பலாத்காரம் கூடாது.

6. வைக்கும் இடம்

வால்வுக்குள் மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. மேசை அதிர்ந்தால் அவையும் அதிர்ந்து 'டிங்' என்று காதில் கேட்கும். அடியில் நான்கு ரப்பர் பாதங்கள் ஒட்டுங்கள். நாம் டீவி முதல் தண்ணீர்க் கூஜா வரை பின்னல் துணி போட்டு மூடுகிறவர்கள். இதை மட்டும் மூடாதீர்கள். வால்வும் பக்கத்திலுள்ள உலோகத் தகடும் கை சுடும் அளவுக்குச் சூடாகும். சின்னப் பிள்ளைகள் கைபடாத உயரம் நல்லது. சுவிட்சைப் போட்டு ஒரு நிமிடம் கழித்தே ஹெட்போனைச் செருகுங்கள். தொடக்கத்தில் வரும் 'டொப்' என்ற அடி ஹெட்போனுக்கும் காதுக்கும் நல்லதல்ல.

7. கடைசியாகத்தான் காசு

இவ்வளவும் செய்த பிறகும் சத்தக் குமிழ் குறைந்த நிலையில் உறுமல் இருந்தால், அடப்டரைச் சந்தேகிக்கலாம். புதிதாக வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள அதே வொல்ட், அதே ஏ.சி. அல்லது டீ.சி. வகை, அதற்குக் குறையாத அம்பியர், ஒத்த முனை ஆகிய நான்கையும் பார்த்து வாங்குங்கள். ரௌட்டரின் அடப்டர் துவாரத்தில் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

வால்வ் மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு காதில் மட்டும் கரகரப்பு இருந்து, இரண்டு வால்வ்களையும் இடம் மாற்றிப் போட்டதும் அது மற்றக் காதுக்குப் போனால், அந்த வால்வ் பழுது என்று உறுதி. அப்போது மாற்றலாம். 6 ஜே 1 என்ற சீன வால்வுக்குப் பதிலாக 6 ஏ.கே. 5 அல்லது ஈ.எஃப். 95 போடலாம். 12 ஏ.யூ. 7 க்கு ஐரோப்பியப் பெயர் ஈ.சி.சி. 82. ஊசி எண்ணிக்கை ஒன்றுதானே என்று வேறு இலக்கத்தைப் போடக் கூடாது. 6 டீ.ஜே. 8 க்கும் ஒன்பது ஊசிதான். ஆனால் சூடாக்கும் கம்பியின் இணைப்பு வேறு, எரிந்துவிடும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை: பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். முழுக்க வால்வில் இயங்கும் பெட்டிகளில் 100 வொல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும். அது உயிருக்கே ஆபத்தானது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடிதத்தில் இன்னொரு வரி

சகோதரியின் கேள்விக்கு இத்துடன் பதில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடிதத்தின் இறுதியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. "உம்மா நாற்பது வருடமாக எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். சமையலறையில் இருந்துகொண்டே, விறாந்தையில் ஓதும் பிள்ளையின் பிழையைத் திருத்துவார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் திருத்துவதில்லை. வயது போனதால் பொறுமை வந்துவிட்டது என்று நினைக்கிறோம்."

சகோதரியே, அது பொறுமையாக இல்லாமலும் இருக்கலாம்.

வயது ஏறும்போது செவி ஒரேயடியாக மங்குவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஓசைகள்தான் முதலில் போகும். மனிதப் பேச்சில் உயிரோசைகள் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. ஸீன், ஸாத், ஷீன், ஸே போன்ற எழுத்துகளின் காற்றோசை உயர்ந்த பகுதியில் இருக்கிறது. ஆகவே ஓதுவது கேட்கும், ராகம் கேட்கும். எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் மட்டும் தெரியாது. "சத்தம் இருக்கிறது, தெளிவில்லை" என்று முதியவர்கள் சொல்வதன் பொருள் பல வேளைகளில் இதுதான். தஜ்வீதைத் தெரிந்த ஒருவருக்கு அந்த இழப்பு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தான் கேட்டது பிழையா, தன் காது பிழையா என்ற சந்தேகத்தில் வாயை மூடிக்கொள்வார். யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

இந்த இடத்தில் எம்ப்ளிஃபயர் உதவாது, கெடுதலும் செய்யக்கூடும். அது எல்லா ஓசையையும் ஒன்றாகத்தான் உயர்த்தும். தெளிவைத் தேடி உம்மா சத்தத்தைக் கூட்டக் கூட்ட, மிச்சமிருக்கும் செவியும் பாதிக்கப்படும். 80 டெசிபெல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. 3 டெசிபெல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் கிழமை முழுவதற்கும் 4 மணித்தியாலம்தான். உம்மா மாட்டியிருக்கும் ஹெட்போனின் ஓசை, ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் அது அளவு மீறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்? பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக் இருக்கிறது. உம்மாவை அங்கே கூட்டிச் செல்லுங்கள். சில வேளை காதில் குரும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். அதை அங்கேயே எடுத்துவிடுவார்கள். நீங்கள் பஞ்சுக்குச்சி விடுவதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். அடைப்பு இல்லையென்றால் எந்த ஓசை எவ்வளவு கேட்கிறது என்று கருவியால் அளந்து வரைபடம் தருவார்கள். தேவைப்பட்டால் செவிப்புலக் கருவி. குறைந்த ஓசைகளை மட்டும் பார்த்து உயர்த்தும்படி அதைச் சரிசெய்ய முடியும். வால்வ் பெட்டியால் செய்ய முடியாத வேலை அது.

"உங்களுக்குக் காது கேட்பதில்லை" என்று தொடங்காதீர்கள். "உம்மா, பிள்ளைகள் பிழையாக ஓதுகிறார்கள், திருத்த உங்களைவிட்டால் யாருமில்லை, ஒருதரம் காட்டிவிட்டு வருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய்யும் இல்லை.

பெட்டியைத் தம்பிக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் அன்போடு அனுப்பியது. சார்ஜரைக் கழற்றி, ஹெட்போனை மாற்றி, அளவான சத்தத்தில் உம்மா கேட்கட்டும். வால்வுக்கென்று எடுத்து வைத்த பணம் கிளினிக் போய்வரும் வாகனச் செலவுக்கு உதவும். போய் வந்து எழுதுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.