சர்க்யூட் தியரி படிக்கணுமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வேலை பார்த்துக்கிட்டே எலக்ட்ரிக்கல் பக்கம் தாவணும்னு ஆசையா? "தொலைதூரக் கல்வியில் பி.டெக்"னு யாராவது சொன்னா ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க. யுஜிசி விதிப்படி பொறியியல் பட்டத்தை அந்த வழியில் தரக்கூடாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாம கொடுத்த பட்டங்களை 2017-ல உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணுச்சு.

சென்னை ஐஐடி 2023-ல தொடங்கின ஆன்லைன் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். வேற கதை. ஆனா பல வருஷச் செலவு, லேப்புக்கு நேர்லயும் போகணும்.

அதனால முதல்ல என்பிடெல்-ல ஒரு அடிப்படை சர்க்யூட் கோர்ஸ் எடுங்க. பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். கிர்க்காஃப் விதி சுலபமா ஓடிடும். தெவனின் கணக்கு வந்ததும் நிறைய பேர் பேனாவை வச்சுட்டு வீடியோவை மட்டும் பார்ப்பாங்க. அது படிப்பு இல்ல, சீரியல். மூணு மாசம் வாராவாரம் கணக்கு போட முடிஞ்சா பி.எஸ். யோசிங்க. சொந்தப் படிப்பு ஃபீஸுக்கு வருமான வரிக் கழிவு கிடையாதுங்க. பட்ஜெட்டை அதுக்கேத்த மாதிரி போடுங்க.