நலம் விசாரிக்கும் சேவையகம், நலம் காக்கும் நிர்வாகம்

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. ஐந்து சேவையகங்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டது. பல நாள்கள் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாமையைக் காரணமாக அரசு நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டது.

இதில் கல்வி நிறுவனங்களுக்கும் பாடமுண்டு. இணையதளம் இயங்குகிறதா என்று சோதிக்கும் நலப் பரிசோதனை இத்தகைய உட்குறையைக் காட்டாது. உட்குறையைக் காட்டும் விரிவான அறிக்கையிலோ மென்பொருள் பதிப்பும் கோப்புப் பாதையும் தரவுத்தள முகவரியும் இருக்கும். அது பொதுவெளியில் கிடந்தால் திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுத்ததாகும். ஆகவே வெளியாருக்கு 'இயங்குகிறது' என்ற ஒற்றை விடை போதும். விரிவு, பொறுப்பாளரின் உள்நுழைவுக்குப் பின்னரே.

மறைப்பது மட்டும் பாதுகாப்பாகாது என்பர். உண்மையே, பதிப்பெண்ணை மறைத்தாலும் பழைய மென்பொருள் பழையதே. புதுப்பித்தலும் பகுத்தலும் முதற்கடமை. மறைத்தல் அவற்றுக்குத் துணை.

ஆய்வில் பங்கேற்போரிடம் 'தங்கள் தகவல் பாதுகாக்கப்படும்' என்று ஒப்புதல் படிவத்தில் உறுதியளிக்கிறோம். அவ்வுறுதி காக்கப்படுவது சேவையக அறையில். ஆய்வு நெறிக்குழுக்கள் அவ்வறையைப் பற்றியும் கேள்வி எழுப்ப வேண்டும்.